துவக்கு வரியிலிருந்து வெலிசறை வரை

இலங்கையில் குடிமகன் ஒருவர் துவக்கு வைத்திருக்கலாமா, எந்த நிபந்தனையில் வைத்திருக்கலாம் என்பதை இன்றும் தீர்மானிப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். பிரித்தானிய ஆட்சியில் சட்டநிரூபண சபை இயற்றிய அந்தச் சட்டம், டொனமூர் காலத்தையும் சோல்பரி காலத்தையும் இரண்டு குடியரசு அரசியலமைப்புகளையும் கடந்து, அவ்வப்போது சேர்த்த திருத்தங்களோடு நிலைத்திருக்கிறது. ஆனால் துவக்கு வைத்திருந்தவர்களும் சட்டம் இயற்றியவர்களும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டது அச்சட்டத்தின்போது அல்ல. அதற்கு 68 ஆண்டுகள் முன்னர், 1848இல். அந்த மோதலில் வரி தோற்றது, வரி கட்ட மறுத்தவர்களும் தோற்றார்கள். அதன் பின்னர் இலங்கையின் கிராமத்துத் துவக்குக்காரர் ஒரு சட்டமூலத்தைக் கூட்டாகப் பின்தொடர்ந்து, சபையின் வாசல்வரை சென்று, அதை மாற்றியதாகச் சொல்லத்தக்க நிகழ்வு எதுவும் இல்லை. சட்டம் அவரிடம் வந்து சேர்ந்ததெல்லாம் கச்சேரி வழியாகவும் வர்த்தமானி வழியாகவும் அமைச்சின் அறிவித்தல் வழியாகவும்தான்.

இந்த வரலாற்றின் பெரும்பகுதி ஒரே வீதியில் நடக்கிறது. கொழும்பின் வட எல்லையில் களனி கங்கையைக் கடந்ததும் வருவது பேலியகொடை. தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் வெட்டப்பட்ட கண்டி வீதி அங்கிருந்துதான் உள்நாட்டை நோக்கித் திரும்புகிறது. 1822இல் கிராண்ட்பாஸ் கரையிலிருந்து மறுகரைக்குப் படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் அமைத்தார்கள். 1895இல் விக்டோரியா பாலம் வரும்வரை கோப்பி வண்டியும் கச்சேரிக் கடிதமும் இராணுவமும் அந்தப் படகுப் பாலத்தின் மேல்தான் போயின. கடலோரத்தில் எழுதப்பட்ட சட்டம் மலைநாட்டைச் சென்றடைந்த பாதை அது.

துவக்கு இந்த நாட்டுக்குப் பிரித்தானியரோடு வந்ததல்ல. 1505இல் போர்த்துக்கேயர் வந்தபின் ஒரு தலைமுறைக்குள் சிங்களக் கொல்லர் தாமே குழல் வார்க்கக் கற்றுக்கொண்டனர், அவர்களின் வேலைத்திறனை ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். கண்டி அரசில் துவக்கு செய்வது சாதியோடும் நிலமானியத்தோடும் பிணைந்த தொழில். லெவ்கே திசாவை மன்னருக்குக் காணிக்கையாகக் கொடுத்த சிறு பீரங்கி, வெள்ளியும் பொன்னும் மணியும் பதித்தது, அந்தக் கைவேலைக்குச் சாட்சி. 1765இல் ஒல்லாந்தர் அதைக் கண்டியிலிருந்து அள்ளிக்கொண்டு போனார்கள். 2023 டிசம்பரில் நெதர்லாந்து திருப்பித் தந்தபின் அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. இந்நாட்டுக்குள் வந்த சுடுகருவிகளில் அனுமதிப்பத்திரம் கேட்கப்படாமல் மாலை மரியாதையோடு வரவேற்கப்பட்டது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

1815இல் கண்டி வீழ்ந்தது. 1817-18இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டபோது மலைநாட்டுக் கிராமங்களின் ஆயுதங்களும் களையப்பட்டன. ஆயினும் சேனைப் பயிர் செய்பவருக்குத் துவக்கு போர்க்கருவி அல்ல, மண்வெட்டியைப் போல ஒரு தேவை. காட்டை வெட்டி எரித்துக் குரக்கன் விதைத்த நிலத்துக்குள் இரவில் பன்றி இறங்கும், யானை இறங்கும். பரணில் காவல் இருப்பவர் கையில் ஒரு பழைய இடியன் துவக்காவது வேண்டும். முப்பது ஆண்டுகளில் அவை ஒவ்வொன்றாக மீண்டும் வீடுகளுக்கு வந்துவிட்டன. கொழும்பு அவற்றை வருமானமாகப் பார்க்கத் தொடங்கியது 1848இல்.

காரணம் கோப்பி. 1847இல் கோப்பி விலை சரிந்து தோட்டங்கள் முறிந்தன, அரசின் வருவாயும் கூடவே விழுந்தது. குடியேற்றச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் தீவின் வரிமுறையை ஆராய்ந்து, ஏற்றுமதித் தீர்வைகளைக் குறைத்து நேரடி வரிகளுக்கு மாற வேண்டும் என்று அறிக்கை எழுதியிருந்தார். 1847இல் தேசாதிபதியாக வந்த டொரிங்டன் பிரபு அந்தப் பாதையில் இறங்கினார். கடைக்கு ஆண்டுக்கு ஒரு பவுண், நாய்க்கு ஒரு ஷில்லிங், துவக்குக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் என்று வரிகள் வந்தன. 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது 3 ஷில்லிங் கட்ட வேண்டும் என்றது வீதிக் கட்டளைச் சட்டம்.

இந்த எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் அரசு அறியாமல் சொல்லிவிட்ட ஒரு கணக்கு தெரியும். ஆறு நாள் உழைப்புக்கு 3 ஷில்லிங் என்றால் ஒரு நாள் உழைப்பு 6 பென்ஸ். அப்படியானால் துவக்கு வரி ஐந்து நாள் உழைப்பு. ஒரு துவக்கும் ஒரு நாயும் வைத்திருந்த சேனைக்காரர், வீதிக்கு ஆறு நாள், துவக்குக்கு ஐந்து நாள், நாய்க்கு இரண்டு நாள் என ஆண்டில் பதின்மூன்று நாள் அரசுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. கோப்பித் தோட்டக்காரரை அழுத்திய ஏற்றுமதித் தீர்வையைத் தளர்த்திவிட்டு அந்தப் பள்ளத்தைச் சேனைக்காரரைக் கொண்டு நிரப்பப் பார்த்தார்கள் என்று அன்றைய கண்டனக்காரர் சொன்னதில் மிகை அதிகம் இல்லை.

அந்தச் சட்டங்கள் நிறைவேறிய சபையின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. கோல்புறூக் சீர்திருத்தத்தின் பயனாக 1833இல் ஏற்படுத்தப்பட்ட சட்டநிரூபண சபையில் பதினைந்து பேர். ஒன்பது பேர் அரச உத்தியோகத்தர்கள், ஆறு பேர் தேசாதிபதி நியமித்தவர்கள். அந்த ஆறில் ஐரோப்பியர் மூவர், கரையோரச் சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர். துவக்கு அதிகம் இருந்த கண்டிப் பிரதேசத்துக்கு ஓர் ஆசனமும் இல்லை. அது 1889இல்தான் கிடைத்தது. சபையின் மொழி ஆங்கிலம். நிறைவேறிய சட்டம் இலண்டனுக்குப் போய் முடியின் இசைவைப் பெற வேண்டும், விரும்பாவிட்டால் முடி அதைத் தள்ளிவிடலாம். ஆகவே துவக்குக்காரருக்குச் சபைக்குள் பேச ஆளில்லை. சபைக்கு வெளியே மனு ஒன்றுதான் வழி.

அந்த வழியைக் காட்டியவர் ஒரு வைத்தியர். கிறிஸ்டோபர் எலியட் என்ற அயர்லாந்துக்காரர் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகையின் ஆசிரியராகவும் இருந்தார். 1848 பெப்ரவரியில் பாரிஸில் மன்னராட்சி கவிழ்ந்த செய்தி கொழும்புக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. ஜூலை 3ஆம் திகதி அவருடைய பத்திரிகையில் ‘ஓர் ஆங்கிலேயன்’ என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வந்தது. பிரதிநிதித்துவம் இல்லாத மக்கள்மேல் வரி சுமத்துவதைக் கேள்வி கேட்ட அக்கடிதம் சிங்களத்தில் பெயர்க்கப்பட்டு ஊர் ஊராகப் போனது. மூன்று நாளில், ஜூலை 6ஆம் திகதி, கண்டிக் கச்சேரி முன்னால் பெருங்கூட்டம் திரண்டது. அரசாங்க அதிபர் புல்லர் விளக்கம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. துவக்கைப் பதிய வேண்டும், அதற்குக் கச்சேரிக்கு நடக்க வேண்டும், ஆண்டுதோறும் நடக்க வேண்டும் என்பதே வரித்தொகையைவிட எரிச்சலூட்டியது. இன்று துவக்கையும் நாயையும் எண்ணுபவர் நாளை மாட்டையும் பெண்சாதியையும் எண்ணி வரி கேட்பார் என்ற வதந்தியும் பரவியது. சட்டத்தை எவரும் தாய்மொழியில் விளக்காத இடத்தில் வதந்திதான் உரையாசிரியர்.

ஜூலை 26ஆம் திகதி இரண்டு காரியங்கள் நடந்தன. கொழும்பு புறக்கோட்டையில் எலியட்டை முன்னிறுத்தி வரி எதிர்ப்பாளர் கூடினர். அமைதியாக மனுக் கொடுங்கள் என்பதே அங்கு சொல்லப்பட்ட வழி. அதே நாள் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூட்டிக்கொண்டார். ஒரே வரிக்கு எதிராக ஒரே நாளில் நகரம் மனு எழுதியது, காடு மன்னரைத் தேடியது. கண்டிப் பிரதேசத்தவருக்குச் சபையில் இடம் இருந்திருந்தால் இந்தப் பிளவு இவ்வளவு அகன்றிருக்காது என்று கருத இடமுண்டு.

அடுத்த சில நாட்களில் மாத்தளையும் குருநாகலும் தாக்கப்பட்டன. ஜூலை 29ஆம் திகதி கண்டியில் இராணுவச் சட்டம் பிரகடனமானது. கிளர்ச்சியின் இன்னொரு தலைவரான புரன் அப்பு பிடிபட்டு ஆகஸ்ட் 8ஆம் திகதி போகம்பரையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடஹபொல தேரர் காவியுடையோடு சுடப்பட்டது பிரித்தானிய நாடாளுமன்றம்வரை எதிரொலித்தது. கொங்காலேகொட பண்டா செப்டெம்பரில் பிடிபட்டு, மரண தண்டனை மாற்றப்பட்டு, கசையடிக்குப்பின் மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். ஏறத்தாழ இருநூறு சிங்களவர் மாண்ட இந்தக் கிளர்ச்சியில் அரச தரப்பில் காயமடைந்தவர் ஒரு படைவீரர் மட்டுமே. துவக்கு வரிக்கு எதிராக எழுந்தவர்களிடம் போர் நடத்தும் அளவுக்குத் துவக்குகள் இருக்கவில்லை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

ஆனால் மனு வேலை செய்தது, தாமதமாக. கிளர்ச்சியை அடக்கிய முறையை ஆராயப் பிரித்தானிய மக்கள் சபை தெரிவுக்குழு ஒன்றை அமைத்தது. டொரிங்டன் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். டெனன்டும் பதவி இழந்தார். புதிய வரிகளில் வீதி வரி மட்டுமே நிலைத்தது, மற்றவை கைவிடப்பட்டன. சட்டம் இயற்றிய சபையால் கேட்க முடியாததை ஏழு கடல் தாண்டிய ஒரு குழு கேட்டது, அதுவும் பிணங்கள் விழுந்தபின்.

டெனன்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னாளில் இலங்கையின் இயற்கை வரலாற்றை எழுதியபோது, 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளைக் கொன்றவர்களுக்கு அரசு தலைக்குச் சில ஷில்லிங் சன்மானம் கொடுத்தது என்று அவரே குறிப்பிட்டார். ஒரு கையால் யானை சுடக் கூலி கொடுத்த அரசு மறு கையால் யானை சுடும் துவக்குக்கு வரி கேட்டிருக்கிறது. அதே காலத்தில் வெள்ளை உத்தியோகத்தருக்கு வேட்டை ஒரு பொழுதுபோக்கு. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு, 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தவர். சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேறியது கிளர்ச்சி நடந்த அதே 1848இல். அவர் எழுதிய இலங்கை வேட்டை நூலைப் படித்தால் இந்தத் தீவில் துவக்கு என்பது கிராமத்தவரின் கருவியே அல்ல என்று தோன்றும்.

துவக்குக்காரரில் இரண்டு வகுப்பு என்ற இந்தப் பிளவு அடுத்த நூற்றாண்டின் சட்டங்களை வடித்தது. சங்கம் சேர்ந்து சட்டத்தைத் தொடர்ந்து கவனித்தவர்கள் பங்களா வேட்டைக்காரரே. காடுகளில் மான் மரை குறைந்துபோவதைக் கண்ட தோட்டத்துரைகளும் உத்தியோகத்தரும் 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினர். 1900இல் யால ஒதுக்குக் காடானதிலும், 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உருவானதிலும் அவர்களின் கை இருந்தது. வேட்டைப் பருவம் எது, எந்த விலங்கை எவர் சுடலாம் என்பதை வகுத்தவர்கள் துவக்குக்காரரே. ஆனால் இறைச்சிக்காகச் சுட்ட கிராமத்து வேட்டைக்காரர் அவர்களுடைய ஏட்டில் களவு வேட்டைக்காரராகப் பதிவானார். இந்தச் சங்கம் இன்று வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக நாட்டின் மதிப்புமிக்க அமைப்புகளில் ஒன்று என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

1916 வந்தது வேறொரு அச்சத்தின் பின்னால். 1915 மே, ஜூன் மாதங்களில் சிங்கள-முஸ்லிம் கலவரம் வெடித்தது. தேசாதிபதி சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். பஞ்சாபிப் படையினரும், கையில் ஆயுதம் கொடுக்கப்பட்ட ஐரோப்பியத் தொண்டர்களும் தெருக்களில் நின்றார்கள். விசாரணை என்ற பெயருக்குக்கூடத் தகுதியற்ற முறையில் பலர் சுடப்பட்டனர். படித்த இலங்கையரின் தெரிவுப் பிரதிநிதியாகச் சபையில் இருந்த பொன்னம்பலம் இராமநாதன் இந்த அத்துமீறல்களைச் சபையில் வரிசைப்படுத்திக் கண்டித்தார். 1916இல் இலண்டனில் அதை நூலாகவும் வெளியிட்டார். ஆயுதம் தாங்கிய பொதுமக்களின் நடத்தை பற்றிய மிகக் கூர்மையான பேச்சு அந்தச் சபையில் கேட்டது அப்போதுதான், பேசப்பட்ட பொதுமக்கள் வெள்ளைக்காரர் என்பதே வேறுபாடு. கலவரத்துக்கு அடுத்த ஆண்டே துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் சட்டப்புத்தகத்தில் ஏறியது. உத்தியோகத்தர் பெரும்பான்மை அப்போதும் குலையவில்லை: இருபத்தொருவரில் பதினொருவர் அரச தரப்பு. அரசு கொண்டுவந்த எந்தச் சட்டமும் அந்தச் சபையில் தோற்க வழியில்லை.

அந்தச் சட்டத்தின் சாரம் எளியது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் துவக்கை வைத்திருக்கவோ பாவிக்கவோ கூடாது. இறக்குமதி செய்பவர், உற்பத்தி செய்பவர், விற்பவர், பழுதுபார்ப்பவர் எல்லோரும் தனித்தனி அனுமதிக்குள் வருவார்கள். அனுமதி வழங்குபவர் மாவட்டத்தின் அரசாங்க அதிபர், அனுமதியின் ஆயுள் டிசம்பர் 31 வரை. 1848இல் கூட்டத்தைக் கச்சேரி முன்னால் திரட்டிய அதே ஆண்டுக்கொரு நடை இம்முறை சத்தமின்றி நிலைபெற்றது. ஒருவர் துவக்குக்குத் தகுதியானவரா என்று சொல்ல ஊர் விதானையின் அறிக்கை தேவைப்பட்டது. ஆகவே துவக்கு இருந்த வீட்டுக்கும் விதானை வீட்டுக்கும் இடையில் நல்லுறவு நிலவ வேண்டியிருந்தது. 1963இல் தலைமைக்காரர் முறை ஒழிந்தபின் அந்த இடத்துக்குக் கிராம சேவகர் வந்தார், பொலிஸ் அறிக்கையும் கூடச் சேர்ந்தது.

எது துவக்கு என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் சட்டக்கல்லூரிக்கு வெளியே அதிகம் தெரியாத ஒரு வேடிக்கை. குழலின் வாயிலிருந்து 40 அடி தூரத்தில், ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்தின் 64இல் 3 பங்கு தடிப்புள்ள வைக்கோல் அட்டைகளை அரை அங்குல இடைவெளியில் நிறுத்த வேண்டும். அவற்றில் பதினொன்றுக்கு மேல் துளைத்துச் செல்லும் வலுவோடு குண்டோ சன்னமோ பாயுமானால் அது துவக்கு. உள்ளூர்ப் பட்டறையில் தண்ணீர்க்குழாயை வெட்டிச் செய்த கல்கட்டஸ் துவக்கோடு ஒருவர் பிடிபட்டால், வழக்கின் உயிர் பெரும்பாலும் அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையில்தான் இருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவரின் சுதந்திரத்தை அட்டை எண்ணிக்கை தீர்மானிப்பது சிரிப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கியையும் கொல்லும் கருவியையும் பிரிக்க இதைவிடத் தெளிவான கோடு போடுவது எளிதன்று.

சுதந்திரத்துக்குப் பின் இந்தச் சட்டத்தை உண்மையில் இயக்கியது நாடாளுமன்றம் அல்ல, 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அதன்கீழ் பிறக்கும் அவசரகால ஒழுங்குவிதிகள் சாதாரண சட்டங்களுக்கு மேலாக நிற்கும். 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணி கிளர்ந்தபோது அதன் இளைஞர்கள் ஆயுதம் தேடிச் சென்ற முதல் இடங்களில் ஒன்று, துவக்கு இருந்த கிராமத்து வீடு. 1987-89இலும் அதுவே நடந்தது. வடக்கிலும் கிழக்கிலும் இயக்கப் பெடியள் தொடக்கக் காலத்தில் அனுமதித் துவக்கு இருந்த வீட்டுப் படலையைத்தான் தட்டினார்கள். துவக்கைக் கொடுத்தால் பொலிஸ் விசாரிக்கும், கொடுக்காவிட்டால் வந்தவர்கள் விட மாட்டார்கள். யார் வீட்டில் துவக்கு உண்டு என்று சொல்லும் கச்சேரிப் பதிவேடு, இரு பக்கத்துக்கும் பயன்படக்கூடிய ஏடாகிவிட்டது. பன்றி விரட்ட வாங்கியதைத் தானாகவே ஒப்படைத்துவிட்டு நிம்மதி தேடியவர்கள் பலர். இன்னொரு பக்கம், எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படையினருக்கு அரசே வேட்டைத் துவக்குகளைக் கையளித்தது.

போரின் நடுவில், 1996இல், 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. இராணுவத்திலிருந்து தப்பியோடியவர்களோடு ரி-56 துப்பாக்கிகளும் வெளியே வந்து பாதாள உலகத்துக்குள் புகுந்த காலம் அது. தானியங்கித் துப்பாக்கியைத் தனியாக வரையறுத்து, அதை வைத்திருப்பவருக்கு ஆயுள் தண்டனை என்றது திருத்தம். கடும் குற்றங்களுக்குத் துப்பாக்கியைப் பயன்படுத்துவதற்கான தண்டனையும் உயர்ந்தது. 1978 அரசியலமைப்பின்படி ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகி, ஒழுங்குப்பத்திரத்தில் இடம்பெற்று, இரண்டாம் மதிப்பீடும் குழுநிலையும் கடந்து மூன்றாம் மதிப்பீட்டில் நிறைவேறி, சபாநாயகரின் சான்றுரையோடு சட்டமாகும். அது அரசியலமைப்புக்கு முரணானதா என்று குடிமகன் உயர் நீதிமன்றத்தில் கேட்க அன்று கிடைத்த அவகாசம், ஒழுங்குப்பத்திரத்தில் வைக்கப்பட்டதிலிருந்து ஒரு வாரம். சட்டமான பின் எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. அனுராதபுரத்துச் சேனைக்காரர் வர்த்தமானியைக் கண்டு, சட்டத்தரணியைப் பிடித்து, ஏழு நாளில் கொழும்புக்கு வருவது நடக்கிற காரியமா? 1848இல் மனுவுக்கு இருந்த வழி, காலத்தால் பார்த்தால், இதைவிட அகலமானது.

பாக்கு நீரிணையின் மறுகரையில் நிலைமை வேறு. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்களித்து இந்தியருக்கு மட்டும் கட்டுப்பாடு விதித்ததால், அது தொடக்கத்திலேயே அரசியல் கேள்வியானது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு அச்சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. குடகர்கள் தமக்குக் கிடைத்த விலக்கை இன்றுவரை காத்து வருகிறார்கள். 2019 நவம்பரில் இந்திய மக்களவையில் வைக்கப்பட்ட ஆயுதத் திருத்த மசோதா, ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்ற வரம்பை ஒன்றாகக் குறைக்க முனைந்தது. உரிமையாளர் சங்கங்களும் விளையாட்டு வீரர்களும் கருத்துரை அனுப்பினர். பரம்பரைத் துப்பாக்கிகள் நிறைந்த பஞ்சாபின் முதல்வர் அமரீந்தர் சிங் எதிர்ப்புத் தெரிவித்தார். டிசம்பரில் சட்டம் நிறைவேறியபோது வரம்பு ஒன்று அல்ல, இரண்டு. இலங்கையில் இத்தகைய சங்கமும் இல்லை, அத்தகைய முதல்வரும் இல்லை. போர் நடந்த நாட்டில் துப்பாக்கி உரிமை என்று மேடையேறிப் பேச எவருக்கும் நா எழாது என்பது ஒரு காரணம். துவக்கு வைத்திருப்பவரில் பெரும்பான்மையினர் சிதறிக் கிடக்கும் விவசாயிகள் என்பது இன்னொன்று.

இன்றைய பேலியகொடையில் இந்த வரலாற்றின் இரு முனைகளும் ஒரே நேரத்தில் தென்படுகின்றன. 2020இல் புறக்கோட்டையிலிருந்து இடம்பெயர்ந்த மெனிங் சந்தைக்குத் தம்புள்ளை, நுவரெலியா, அனுராதபுரம் பக்கத்திலிருந்து இரவிரவாக லொறிகள் வருகின்றன. அந்தச் சோளத்தையும் பூசணியையும் மரவள்ளியையும் பன்றியிடமிருந்தும் குரங்கிடமிருந்தும் காப்பாற்றித் தருவதில் பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கும் பங்கு உண்டு. அனுமதித் துவக்கு கிடைக்காதவர் கட்டுத்துவக்கு வைக்கிறார், அல்லது பூசணிக்குள் ஹக்கபட்டாஸ் வெடியை மறைக்கிறார். முன்னது வழிப்போக்கரின் காலைப் பறிக்கிறது, பின்னது யானைக்கன்றின் தாடையை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிமுதல் ஐந்து நிமிடம் நாடெங்கும் குரங்கு, மந்தி, மரஅணில், மயில் ஆகியவற்றை எண்ணும்படி அரசு மக்களைக் கேட்டதே சிக்கலின் அளவைக் காட்டும். சந்தைக்கு அப்பால், மேல் மாகாண வடக்குக் குற்றத்தடுப்புப் பிரிவு இயங்குவதும் பேலியகொடையில்தான். அங்கு கொண்டுவரப்படும் துப்பாக்கிகளுக்கு எந்தக் கச்சேரியிலும் பதிவு இருப்பதில்லை.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது தற்பாதுகாப்புத் துப்பாக்கி. இதற்கான அனுமதி பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கிறது. அரசியல்வாதிகள், வர்த்தகர்கள், நகைக்கடைக்காரர்கள் பலர் பல அரசாங்கங்களின் காலத்தில் பெற்றுக்கொண்டவை. 2024இன் இறுதியில், ஆட்சி மாறியதும், இவ்வாறு வழங்கப்பட்ட துப்பாக்கிகள் அனைத்தையும் மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி அமைச்சு அறிவித்தது. ஒப்படைக்க வேண்டிய இடம் வெலிசறையில் கடற்படை நடத்தும் வணிக வெடிபொருள், துப்பாக்கிக் கொள்வனவுப் பிரிவு. முதலில் நவம்பர் 7 என்றிருந்த கடைசித் திகதி பின்னர் நவம்பர் 20 ஆனது. கொழும்புக்காரர் புதிய கல்யாணிப் பாலத்தால் கங்கையைக் கடந்து, பேலியகொடையில் நீர்கொழும்பு வீதியைப் பிடித்து, உறையிலிட்ட துப்பாக்கியோடு வடக்கே சென்றார்கள். நாட்டின் செல்வாக்குள்ளவர்களின் ஆயுதங்களைத் திரும்ப வாங்கிய இந்த நடவடிக்கைக்கு ஒரு சட்டமூலமும் தேவைப்படவில்லை. இருக்கும் கட்டளைச் சட்டமே அமைச்சுக்கு அந்தளவு அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. வரவேற்றவர்கள் பலர். அனுமதியோடு வைத்திருப்பவரைத் தேடும் அரசு அனுமதியில்லாதவரைப் பிடிக்கவில்லையே என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. மூன்று மாதம் கழித்து, 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, அளுத்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவர் பாதாள உலகப் புள்ளி ஒருவரைச் சுட்டுக் கொன்றபோது அந்த முணுமுணுப்பு சற்று உரத்தது. ரிவோல்வர் உள்ளே வந்தது, பக்கங்கள் குடையப்பட்ட ஒரு சட்டப் புத்தகத்துக்குள்.

அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31க்குள் புதுப்பிக்க வேண்டும். தற்பாதுகாப்புத் துப்பாக்கிக்கு அமைச்சும், பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு மாவட்டச் செயலகமும் பொறுப்பு. புதுப்பிக்காத துவக்கை வைத்திருப்பது கட்டளைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின் கீழ் குற்றம்.